வெள்ளவத்தையில் 21 நாள்: நடந்தும் மிதித்தும் ஒரு சவாலை நடத்துவது எப்படி?

கேள்வி இது: “வெள்ளவத்தையில் நாற்பது வீடுகள் உள்ள தொடர்மாடியில் இருக்கிறோம். அயலவர்களையும் சேர்த்துக்கொண்டு, வேலைக்கும் கடைக்கும் நடந்தோ சைக்கிளிலோ போவது, ஞாயிறுகளில் காடு, மலை, நீர்நிலை என்று வெளியே போவது, இப்படி ஒரு மாதச் சவால் நடத்த ஆசை. கொழும்பு வெயிலிலும் பஸ்களுக்கு நடுவிலும் இது சாத்தியமா? எங்கிருந்து தொடங்குவது?”

சாத்தியம். எங்கள் ஒழுங்கையில் நான்கு முறை நடத்தியிருக்கிறோம். முதல் முறை மூன்றாம் வாரத்திலேயே கலைந்துபோனது. அடுத்த மூன்று முறையும் கடைசி நாள்வரை நின்றன. இடையில் வெயில் தணியவில்லை, பஸ்கள் குறையவில்லை, பங்குபற்றிய மனிதர்களும் பெரும்பாலும் அதே மனிதர்கள்தான். மாறியது கணக்கு வைத்த முறை மட்டும். முதல் முறை கிலோமீற்றர்களை எண்ணினோம். பிறகு, வாகனம் எடுக்காமல் போய்வந்த தடவைகளை எண்ணத் தொடங்கினோம். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைத்தவை.

முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன். எங்களில் இரண்டு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்கொழும்புவரை சைக்கிளில் போய்வருகிறவர்கள். போக நாற்பது கிலோமீற்றருக்கு மேல், வர அதே அளவு. பத்தாம் நாள் அவர்களுடைய கணக்கு ஆளுக்கு நானூறு கிலோமீற்றரைத் தொட்டது. இரண்டாம் மாடி அம்மா ஒருவர் நாள் தவறாமல் மீன் சந்தைக்கு நடந்து போனார், முழங்கால் வலியோடு. அவருடைய கணக்கில் பன்னிரண்டு கிலோமீற்றர். பதினோராம் நாள் அவர் தாளில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டபோது, “அது பிள்ளைகளுடைய போட்டி, தம்பி” என்றார். அவர் நடப்பதை நிறுத்தவில்லை, எழுதுவதைத்தான் நிறுத்தினார். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் நிறுத்தினார்கள். தனியாகவும் நன்றாகச் செய்திருக்கக்கூடிய இருவருக்காக, துணை தேவைப்பட்ட எல்லோரையும் இழந்தோம். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

சவால் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று உங்கள் தொடர்மாடியில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு 2022-ஐ நினைவூட்டுங்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் கடைசியிலிருந்து இரண்டு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த மாதங்களில் காலி வீதியில் கழுத்துப்பட்டி கட்டிய வங்கி ஊழியர்களும் வைத்தியர்களும் சைக்கிள் மிதித்தார்கள். கடைகளில் சைக்கிள் தட்டுப்பாடு வந்தது. எல்லோரும் சொன்னார்கள், இனிக் கொழும்பு மாறிவிடும் என்று. பெற்றோல் வரிசை மறைந்ததும் சைக்கிள்களும் மறைந்தன. உங்கள் படிக்கட்டுக்குக் கீழே பாருங்கள், தூசி படிந்து இரண்டு மூன்றாவது நிற்கும்.

என் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் குடாநாட்டில் பெற்றோல் இல்லாத காலம் முழுவதும் சைக்கிளில்தான் வாழ்ந்தார். நோயாளியைக் கொண்டுபோனதும் அதில்தான், விறகு கட்டியதும் அதில்தான். மின்சாரமும் மின்கலமும் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றி, வானொலியில் செய்தி கேட்டார்கள். அப்படிப்பட்டவர் கொழும்புக்கு வந்த ஆறு மாதத்தில் சைக்கிளை விட்டார். காரணம் கேட்டேன். “அங்கே எல்லோரும் மிதித்தார்கள், இங்கே நான் மட்டும்” என்றார். ஒரு சமூகச் சவால் என்ன செய்யவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நெருக்கடி விலகியபோது அதனோடு கூட்டமும் கலைந்துவிட்டது. நெருக்கடி இல்லாமலே அந்தக் கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பதுதான் நமக்கு முன்னால் உள்ள வேலை.

வெளிநாடுகளில் இதைப் பல விதமாகச் செய்கிறார்கள். ஜேர்மனியில் 2008 முதல் நகரங்கள் பங்குபற்றும் ஒரு சைக்கிள் இயக்கம் நடக்கிறது: தொடர்ந்து 21 நாள், அணி அணியாகக் கிலோமீற்றர்களைச் சேர்ப்பது. அங்கே அது நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் பாதை இருக்கிறது, மாநகர சபையே முன்னின்று நடத்துகிறது. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் 2010-இல் தொடங்கிய முயற்சி வேறு மாதிரி: ஏப்ரல் மாதத்தின் முப்பது நாளும் சைக்கிள் ஓட்டவேண்டும், எவ்வளவு தூரம் என்பது கேள்வியே இல்லை. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாலும் அந்த நாள் சேரும். வாஷிங்டனில் ஆரம்பமான இன்னொன்று பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு வீட்டு வேலைகளைச் சைக்கிளில் முடிக்கச் சொல்கிறது. மரக்கறி, தபால், நூலகம் என்று வகைகளும் உண்டு. அதே ஊரில் பிறந்த மற்றொன்று ஏழு வாரத்தில் ஏழு வேறு வேறு இடங்களில் கோப்பி குடிக்க மிதித்துப் போகச் சொல்கிறது. ஜேர்மனியிலிருந்து நாள்களின் எண்ணிக்கையையும் வாஷிங்டனிலிருந்து வேலைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் உண்மையான முன்மாதிரி நமக்கு இதைவிட அருகில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து கிழக்குக் கரை வழியே கதிர்காமம் போகும் பாதயாத்திரையை நினைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் நடை. உகந்தையில் காட்டுப் பாதை திறந்ததும் குமண, யால வனங்களுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து, கட்டகாமம் வழியே கொடியேற்றத்துக்குப் போய்ச்சேருகிறார்கள். எழுபது வயதுக்காரரும் போகிறார், கைக்குழந்தையோடு தாயும் போகிறாள். யார் முதலில் வந்தார் என்று யாரும் குறித்துவைப்பதில்லை. அடியார்கள் ஒருவரை ஒருவர் ‘சாமி’ என்றுதான் அழைக்கிறார்கள். வழியில் ஊர்கள் சோறு போடுகின்றன. மெல்ல நடப்பவருக்காகக் குழு நிற்கிறது. நான் ஒருமுறை அந்தக் காட்டுப் பகுதியை மட்டும் நடந்திருக்கிறேன். கொழும்பில் நடத்தும் சவாலுக்கு அங்கே கற்றதைவிட அதிகமாக வேறெங்கும் கற்கவில்லை. கடைசியாக வருகிறவர் தனியாக வரக்கூடாது என்பதை உங்கள் முதல் விதியாக எழுதுங்கள்.

இனி விதிகள். முப்பது நாள் வேண்டாம், 21 போதும். மூன்று ஞாயிறுகள் கிடைக்கும், அலுப்பும் தட்டாது. ஒவ்வொருவரும் 12 தடவை முடிக்கவேண்டும். ஒரு தடவை என்றால், வாகனத்தில் போயிருக்கக்கூடிய ஓர் இடத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்த் திரும்புவது. உடற்பயிற்சிக்காகக் கடலோர வீதியான மரைன் டிரைவில் நடப்பது நல்லதுதான், ஆனால் அதை இதில் சேர்க்கவேண்டாம். அப்படி நடப்பவர்கள் ஏற்கெனவே நடக்கிறார்கள். முச்சக்கர வண்டியைக் கூப்பிடப் போன கை திரும்பவேண்டும் என்பதே நோக்கம்.

பன்னிரண்டையும் ஒரே இடத்துக்குப் போய் முடிக்க விடாதீர்கள். நாங்கள் எட்டு வகை வைத்தோம், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்று. மரக்கறி அல்லது மீன். மருந்துக்கடை. கோவில், பள்ளிவாசல், தேவாலயம், எதுவானாலும் அவரவர் வழிபாட்டிடம். நூலகம், வெள்ளவத்தைக்காரர்களுக்கு 1942-இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, பலர் இந்தச் சவாலால்தான் முதன்முதலில் அதன் படியேறினார்கள். பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப் போவது. நோயாளியையோ முதியவரையோ பார்க்கப் போவது. வேலைக்குப் போவது. எட்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது: இதுவரை நுழைந்திராத ஒரு தெரு. இருபது வருடம் வெள்ளவத்தையில் இருந்தவர் ஒருவர், கால்வாய்க்கரை ஒன்றைக் கண்டுபிடித்ததாக வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

வேலைக்குப் போவதில் ஒரு தளர்வு அவசியம். எல்லோராலும் நகர மையமான கொழும்புக் கோட்டைவரை மிதிக்க முடியாது. வீட்டிலிருந்து வெள்ளவத்தை நிலையத்துக்கு நடந்து, கரையோரத் தொடருந்தில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து அலுவலகத்துக்கு நடந்தால் அதுவும் ஒரு தடவைதான். இதை ஒரு குறுக்குவழி என்று சிலர் எதிர்த்தார்கள், நான் உடன்படவில்லை. கொழும்பில் வாகனத்தை விடுவதற்கு மிக இயல்பான வழி இதுதான். பஸ்ஸுக்கும் இதே சலுகை: இரண்டு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடந்தால் சேரும்.

கணக்கை எழுத ஒரு பெரிய தாளை மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெயர்கள் இடப்பக்கம், பன்னிரண்டு கட்டங்கள் வலப்பக்கம், நூலில் கட்டிய பேனா. கைபேசிச் செயலிகளில் வேகமும் தரவரிசையும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மீன் சந்தை அம்மா மறுபடி எழுதாமல் போய்விடுவார். வாட்ஸ்அப் குழு தகவலுக்கு இருக்கட்டும். தாளுக்கு முன்னால் காலையில் இரண்டு பேர் சந்தித்துக்கொள்வார்கள். “இன்றைக்கு எங்கே?” என்று ஒருவர் கேட்பார். முழுச் சவாலும் அந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது.

சாலையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மக்கள் பயப்படுவது நியாயமான பயம். காலி வீதியில் சைக்கிள்காரர் பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பயப்படுவார்; அதைவிட ஆபத்தானது முன்னால் நிற்கும் பஸ். நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். அதற்குள் போகவே கூடாது. அந்தப் பக்கம்தான் கதவு. நடத்துநர் மிதிபலகையிலிருந்து குதிப்பார், பயணிகள் பார்க்காமல் இறங்குவார்கள், பஸ் திடீரென்று ஓரம் அணையும். பின்னால் நின்று காத்திருங்கள், அல்லது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து வலப்பக்கமாகக் கடந்து செல்லுங்கள். நிறுத்திவைத்த கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீருக்குள் சக்கரத்தை விடாதீர்கள். கீழே குழி இருக்கலாம், வடிகால் மூடி இல்லாமலும் இருக்கலாம். பெரிய சந்திகளில் இறங்கி உருட்டிக்கொண்டு பாதசாரிக் கடவையில் கடப்பதில் ஒரு குறையும் இல்லை. பத்து வருடமாக ஓட்டும் நான் இன்றும் வெள்ளவத்தைச் சந்தியில் அப்படித்தான் செய்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர். நிதானமாக மிதித்தால் நாற்பது நிமிடம். காலை நெரிசலில் காரும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். கொள்ளுப்பிட்டிவரை மரைன் டிரைவில் போங்கள். ஏழு மணிக்கு முன்னால் அந்த வீதி வேறு ஊர் போல இருக்கும்: ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். அங்கிருந்து காலிமுகத்திடல் பக்கம் போய்ச் சேரலாம். அந்தத் திடலின் கடலோர நடைபாதையை 1859-இல் ஆளுநர் ஹென்றி வார்ட் கட்டி முடித்தபோது, நகரத்துப் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்குவதற்காக என்று கல்லில் பொறித்துவைத்தார். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. காலையில் ஒருமுறை நின்று வாசியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர்வரை மாலையில் வீடு திரும்பும்போது எதிர்க்காற்று இழுக்கும், கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடல் உப்பு சங்கிலியைத் தின்றுவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடாத சங்கிலி மூன்று மாதத்தில் துருவேறிவிடும். உள்பக்கமாகக் கிருலப்பனை, நாவல பக்கம் போகிறவர்களுக்குக் கால்வாய்க் கரைகளில் நடைபாதைகள் உண்டு. நடப்பவர்களுக்கு அவை அருமையான குறுக்குவழிகள்.

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, அனுபவமுள்ள ஒருவர் முன்னாலும் இன்னொருவர் கடைசியிலுமாகப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தப் பாதையை ஒருமுறை ஓட்டுங்கள். வெறும் தெருவில் ஒருமுறை பழகினால் திங்கட்கிழமைப் பயம் பாதியாகும்.

வெயில். கொழும்பின் சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே இருக்கிறது. நம்மை வதைப்பது ஈரப்பதம், வியர்வை காயாது. ஆறரைக்குள் வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். பையை முதுகில் போடாதீர்கள், சைக்கிளின் பின்தாங்கியில் கட்டுங்கள், முதுகு நனையாமல் இருக்கும். பழைய டீ-சேட்டில் போய், ஈரத்துணியால் துடைத்து, அலுவலகத்தில் சட்டை மாற்றிக்கொள்ளலாம். கடைசி ஐந்து நிமிடத்தை மிக மெதுவாக ஓட்டினால் போய்ச்சேர்ந்த பிறகு வியர்ப்பது வெகுவாகக் குறையும். பலர் இதை நம்புவதில்லை, செய்து பார்த்த பிறகு நம்புகிறார்கள்.

அலுவலகங்கள் இன்னொரு தடை. எங்கள் குழுவில் ஒருவருக்கு அவருடைய அலுவலக வாசலில் சைக்கிளை உள்ளே விட அனுமதி கிடைக்கவில்லை. வெளியே தெருவில் கட்டச் சொன்னார்கள்; இரண்டாம் வாரம் சைக்கிள் களவுபோனது. அவர் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் நல்ல பழக்கம் வாசலில் ஒரு மூலை கிடைக்காததால் முறிந்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் சவால் தொடங்கும் முன்னரே, பங்குபற்றுகிறவர்களின் அலுவலகங்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். ஒரு காருக்கான இடத்தில் பத்துச் சைக்கிளாவது நிற்கும் என்று எழுதுங்கள். நாங்கள் எழுதிய எட்டில் ஐந்து பேர் இடம் கொடுத்தார்கள்.

பெண்களின் நிலை தனி. வெயிலுக்கும் பஸ்ஸுக்கும் மேலாக அவர்கள் பார்வைகளையும் பேச்சுகளையும் தாங்கவேண்டியிருக்கிறது. ஆண்கள் மட்டும் கூடி விதி எழுதினால் இது யாருக்கும் தோன்றாது. முதல் முறை எங்களுக்கும் தோன்றவில்லை. இரண்டாம் முறை பெண்களே ஒரு நேரத்தைத் தீர்மானித்தார்கள்: செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறேகாலுக்கு ஐந்து பேராகச் சேர்ந்து கோவிலுக்கும் சந்தைக்கும் போவது. ஐந்து பேராகப் போகும்போது தெரு வேறு மாதிரி நடந்துகொண்டது. அதில் மூவர் இருபது வருடத்துக்குப் பிறகு சைக்கிளில் ஏறியவர்கள். சங்கிலிக்கு மூடி உள்ள, நடுத்தண்டு தாழ்ந்த லுமாலா சைக்கிள்தான் சேலைக்கும் சுரிதாருக்கும் ஏற்றது. விலையுயர்ந்த மலைச் சைக்கிளை யாரும் வாங்கவேண்டியதில்லை.

இனி ஞாயிறுகள். மூன்றும் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கடினமாக இருக்கட்டும். முதலாவது ஊருக்குள்ளேயே: தலவத்துகொடையின் தியசரு பூங்கா அல்லது பெத்தகான ஈரநிலப் பூங்கா. 2018-இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் சாசனத்தின் கீழ் உலகின் முதல் பதினெட்டு ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, தியவன்னாவில் முதலையும் உண்டு. ஆகவே பலகைப் பாதையைவிட்டு இறங்கக்கூடாது, நீரில் கால் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, ஹமில்டன் கால்வாய். களனி கங்கைக்கு வடக்கே வத்தளைப் பக்கத்திலிருந்து நீர்கொழும்புக் களப்புவரை பதினான்கரை கிலோமீற்றர். 1802-இல் வெட்டத் தொடங்கி 1804-இல் முடித்தார்கள். தட்டையான பாதை, ஒரு பக்கம் படகுகள், வீட்டு வாசல்களில் காயும் வலைகள். மேடு ஏற முடியாதவர்களும் வரலாம். களைத்தவர்கள் திரும்பும்போது தொடருந்தில் வரட்டும். சைக்கிளையும் ஏற்றுவதானால் முதல் நாளே நிலையத்தின் பொதிப் பிரிவில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது மலை. கண்டிப் பாதையில் இஹலகோட்டே நிலையத்தில் இறங்கி அலகல்ல ஏறலாம். எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை, நேரம் பார்த்துப் புறப்படுங்கள். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டுபோங்கள், மழைமேகம் கண்டால் உச்சியை விட்டுவிட்டு இறங்குங்கள். டிசம்பர் பௌர்ணமிக்கும் வெசாக்குக்கும் இடைப்பட்ட பருவமானால் சிவனொளிபாத மலையே போதும். 2,243 மீற்றர் உயரம், நல்லதண்ணிப் பக்கம் ஏறத்தாழ 5,500 படிகள். இரவில் ஏறும்போது படி நெடுகிலும் தேநீர்க் கடைகளும் துணைக்கு ஆள்களும் இருப்பதால், மலையேறிப் பழகாத குடும்பங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான முதல் மலை இந்த நாட்டில் இல்லை.

ஒரு வருடம் கழித்து, தேறியவர்களைக் கூட்டிக்கொண்டு பீக்கோ நடைவழியின் ஒரு கட்டத்துக்குப் போனோம். ஹந்தானையிலிருந்து நுவரெலியாவரை மலையகத்தைச் சுற்றிவரும் அந்த வழி 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். பெரும்பகுதி பழைய தேயிலைத் தோட்டப் பாதைகள். எங்களை வழிநடத்தியவர் வெள்ளவத்தைக் கடை ஒன்றில் வேலை செய்யும், ஹப்புத்தளைத் தோட்டத்தில் பிறந்த ஒருவர். ஒரு வளைவில் நின்று கீழே காட்டினார்: அவருடைய அம்மா கொழுந்துக் கூடையோடு நாளுக்கு இரண்டு முறை ஏறிய குறுக்குப்பாதை. நாங்கள் அதில் ஏறும்போது நான்கு முறை நின்று மூச்சு வாங்கினோம். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளின் முற்றத்தைக் கடக்கும்போது படம் எடுக்காதீர்கள், வணக்கம் சொல்லிக் கடந்துபோங்கள் என்று அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நமக்கு ஞாயிறு நடையாக இருப்பது அங்கே பலருக்கு நாள்தோறும் கட்டாயமான நடை. மலையகம் போகும் எந்தக் குழுவும் இதை மனதில் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

கடலைச் சேர்ப்பதானால் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை மட்டும். மே வந்துவிட்டால் மேற்குக் கரைக் கடல் நீந்துவதற்கு ஏற்றதல்ல.

உடல்நலத்துக்கு இது எவ்வளவு உதவும் என்று உங்கள் குழுவில் கேட்பார்கள். பிரித்தானியாவில் 263,450 பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்களின் இறப்பு ஆபத்து, காரிலோ பொதுப் போக்குவரத்திலோ போனவர்களைவிட 41 வீதம் குறைவாகக் காணப்பட்டது. அது அவதானிப்பு ஆய்வு, சைக்கிள்தான் காரணம் என்று அது முடிவாக நிறுவாது. பிரித்தானியப் பாதைகளும் நம்முடையவை அல்ல. ஆனாலும் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடவேண்டிய நம் சமூகத்தில், மருந்துக்கடைக்கு நடந்து போவதும் மருந்தின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். நெஞ்சு நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

21 நாளில் பழக்கம் பதிந்துவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் எடுத்தது; சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணித்தார்கள். அதனால் சவால் முடிந்ததும் குழுவைக் கலைக்காதீர்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லோரும் வாகனமில்லாமல் சந்தைக்குப் போவது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சவாலை வருடத்தில் ஒருமுறை, ஜனவரி இறுதியிலிருந்து பெப்ரவரி நடுவரை நடத்துங்கள், மழை குறைவான காலம். ஒக்டோபர், நவம்பர் மாலை இடிமழையில் தொடங்கினால் முதல் வாரமே பாதிப்பேர் போய்விடுவார்கள்.

பரிசு பற்றி ஒரு சொல். பணமோ கோப்பையோ வேண்டாம். பன்னிரண்டும் முடித்த ஒவ்வொருவருடைய சைக்கிளையும் எங்கள் ஒழுங்கை முனையில் ரியூப் ஒட்டும் ஐயாவிடம் கொடுத்துப் பழுதுபார்த்துத் தந்தோம்; நடந்தவர்களுக்கு ஒரு நல்ல குடை. ஐயாவுக்கு வேலை கிடைத்தது, சைக்கிள்களுக்கு இன்னொரு வருடம் ஆயுள் கிடைத்தது. மீன் சந்தை அம்மா இரண்டாம் முறை பதினேழு தடவை எழுதியிருந்தார். அந்தக் குடையோடுதான் இப்போது போகிறார்.

அறிவிப்பை ஒட்டுவதற்கு முந்திய சனிக்கிழமை, படிக்கட்டுக்குக் கீழே நிற்கும் சைக்கிள்களை உரியவர்களைக் கேட்டு வெளியே எடுத்துக் கழுவுங்கள். பிறேக் கட்டைகளைப் பாருங்கள், முன்னும் பின்னும் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால்பம்பு வாங்கி, தாள் ஒட்டப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே சங்கிலியால் கட்டிவையுங்கள். எங்கள் தொடர்மாடியில் முதல் நாள் காலையில் புறப்படாமல் நின்றவர்கள் ஏழு பேர். ஏழு பேருடைய ரயரிலும் காற்றில்லை.